பெரிய உயிரியல் பூங்காவைச் சுற்றுவது எப்படி? ஆறு அடைப்புகள் போதும்

முதல் இரண்டு முறை போனபோது நானும் எல்லாரையும்போலத்தான் சுற்றினேன். காலையில் நுழைந்து, வரைபடத்தில் இருந்த அத்தனை அடைப்புகளையும் (விலங்குகளை வைத்திருக்கும் வேலியிட்ட இடங்களை) முடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன் என்று வைராக்கியம். வீட்டுக்கு வந்து யோசித்தால் மிஞ்சியது கால் வலியும், தூங்கும் சிங்கத்தின் முதுகும், மங்கலான படங்களும்தான்.

மூன்றாவது முறை திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு கூரையடியில் நாற்பது நிமிடம் ஒதுங்க வேண்டியதாயிற்று. எதிரே ஒட்டகச்சிவிங்கி. வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தெரிந்தது: கழுத்தின் அடியிலிருந்து ஓர் உருண்டை கிளம்பி, தோலுக்கடியில் புடைத்தபடி, லிஃப்ட் மாதிரி விறுவிறுவென்று மேலேறி வாய்க்குப் போகிறது. நிதானமாக மெல்கிறது. விழுங்குகிறது. உருண்டை கீழே இறங்குகிறது. சில விநாடிகளில் அடுத்த உருண்டை மேலே வருகிறது. அசைபோடுவது என்று பள்ளியில் படித்து மார்க் வாங்கிய விஷயம்தான், ஆனால் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். முந்தைய இரண்டு முறையும் அதே இடத்தில் ஒரு நிமிடம் நின்று, படம் எடுத்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு என் முறையே மாறிவிட்டது. முதல்முறை போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன். டிக்கெட், வழி, தண்ணீர் பாட்டில் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

படி 1: ஆறே ஆறு தேர்ந்தெடுங்கள்

முந்தைய நாள் இரவே பூங்காவின் வரைபடத்தை எடுத்து ஆறு இடங்களை வட்டமிடுங்கள். நான் எடுக்கும் கலவை இது: பெரிய விலங்கு இரண்டு, குரங்குக் கூட்டம் ஒன்று, பறவைகள் இருக்கும் குளம் ஒன்று, ஊர்வன ஒன்று, பெயரையே கேள்விப்படாத ஏதாவது ஒன்று. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அதன் முன்னால்தான் கூட்டமே இருக்காது.

தனியாக வாழும் விலங்கு தூங்கினால் அன்றைக்குக் கதை முடிந்தது. கூட்டமாக வாழ்வனவற்றில் யாராவது ஒருவர் விழித்திருப்பார், சண்டை போடுவார், பேன் பார்ப்பார், குட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் புலியைவிடக் குரங்குதான் நல்ல வாத்தியார் என்பது என் கட்சி.

படி 2: நேரம்

கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். எல்லாரும் வாசலுக்கு அருகில் இருக்கும் முதல் அடைப்பில் தேங்குவார்கள். நீங்கள் நேராகக் கடைசிக்குப் போய், அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்பி வாருங்கள். கிப்பன் குரங்குகள் இருக்கும் பூங்கா என்றால் காலையில் முதலில் அங்கேதான் போவேன். ஜோடியாகச் சேர்ந்து அவை பாடுவது பெரும்பாலும் காலை வேளையில்தான், வெகு தூரத்துக்குக் கேட்கும்.

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்தே கிடக்கும். காட்டிலும் அப்படித்தான். எனவே நண்பகலில் அதன் முன் நின்று "எழுந்திரு" என்று கண்ணாடியைத் தட்டுவதில் அர்த்தமில்லை. உச்சிவெயில் நேரத்தை ஊர்வனக் கூடத்துக்கும் இரவு விலங்குக் கூடத்துக்கும் ஒதுக்குங்கள். இரவு விலங்குக் கூடத்தில் பகலை இரவாக மாற்றியிருப்பார்கள்: நாம் வரும் பகல் நேரத்தில் மங்கல் வெளிச்சம், பூங்கா மூடிய பிறகு முழு விளக்கு. வெயிலிலிருந்து உள்ளே போனால் கண் இருட்டுக்குப் பழகவே பல நிமிடங்கள் ஆகும். பெரும்பாலானவர்கள் அதற்குள் "ஒன்றுமே இல்லை" என்று மறுவாசலில் வெளியேறிவிடுகிறார்கள். பத்து நிமிடமாவது நில்லுங்கள், செல்போனைப் பையில் போட்டுவிட்டு. திரையை ஒருமுறை பார்த்தால் போதும், கண் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

படி 3: கையில் என்ன வேண்டும்

ஒரு பைனாகுலர். பூங்காவுக்கு எதற்கு என்று சிரிக்காதீர்கள், அகழிக்கு அப்பால் இருக்கும் விலங்கின் கண்ணிமை தெரியும். அதன்மேல் 8x42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்கு வாங்காதீர்கள். கை நடுக்கத்தையும் அது சேர்த்துத்தான் பெரிதாக்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். பேனா மழையில் அழியும். ஆப்பில் பதிவு செய்யலாமே என்பார்கள். செய்துபார்த்தேன், திரையைத் தட்டிவிட்டு நிமிர்வதற்குள் விலங்கு போய்விடுகிறது. பென்சில் என்றால் பார்க்காமலேயே கிறுக்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு மூன்றே வரி. ஃபிளாஷ் கூடாது. கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸை அதில் ஒட்டினாற்போல் வையுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். கம்பி வலை என்றால், அனுமதித்த எல்லைக்குள் வலைக்கு எவ்வளவு கிட்டப் போகமுடியுமோ அவ்வளவு போய், விலங்கு வலையிலிருந்து தள்ளி இருக்கும்போது ஜூம் செய்யுங்கள், வலை கரைந்துவிடும்.

படி 4: காலியாகத் தெரியும் அடைப்பு

தொண்ணூறு சதவீதம் அது காலி இல்லை (சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், யாரும் கணக்கெடுக்கவில்லை). முழு விலங்கைத் தேடாதீர்கள். ஒரு காது, ஒரு வால்நுனி, இலைகளுக்கு நடுவே ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான் தெரியும். முதலில் மேலே பாருங்கள், மரக்கிளையும் கூரையோரமும். அப்புறம் நிழல், அப்புறம் இரவுக் கொட்டகையின் கதவருகே, கடைசியாக உங்கள் காலடிக்கு நேர் கீழே உள்ள சுவரோரம். நான் தேடித் தேடிக் களைத்த சிறுத்தை ஒன்று எனக்கு ஒன்றரை அடி தள்ளி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது.

ஒன்றிரண்டு அடி பின்வாங்கி நிற்பதும் உதவும். சுவிட்சர்லாந்தில் பெர்ன், பாசல், சூரிக் பூங்காக்களை நடத்திய ஹைனி ஹெடிகர், ஒவ்வொரு விலங்குக்கும் "இதற்குமேல் கிட்ட வந்தால் ஓடிவிடுவேன்" என்று ஒரு தூரம் இருக்கிறது என்று விளக்கினார். கூச்சமுள்ள விலங்கு அடைப்புக்குள் எங்கே ஒதுங்குகிறது என்பதை நாம் நிற்கும் இடமும் தீர்மானிக்கிறது.

சில நேரம் பாதிதான் கண்ணில் படும். இருவாச்சிப் பறவை ஜோடி என்று பலகை சொல்லும், ஆண் மட்டும் இருக்கும். இனப்பெருக்கக் காலமாக இருந்தால் பெண் மரப்பொந்துக்குள் போய், வாசலை ஒரு கீற்று மட்டும் விட்டு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆண் அந்தக் கீற்று வழியே இரை கொடுக்கும். "ஒன்று செத்துவிட்டது போல" என்று பக்கத்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார். நாங்கள் இருவரும் நின்றோம். கால் மணி நேரத்தில் ஆண் பழத்தோடு பொந்துக்குப் பறந்தது.

படி 5: குறிப்பு எழுதுவது (நான் சறுக்கிய இடம்)

என் முதல் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "கரடி சோகமாக இருந்தது. நீர்நாய் ஜாலியாக இருந்தது. முதலை கோபமாக வாயைப் பிளந்தது." ஆறு மாதம் கழித்துப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. சோகம் என்றால் என்ன செய்தது? தலை தொங்கியதா, நகராமல் கிடந்ததா? முதலைக்குக் கோபமே இல்லை. உடல் சூட்டைத் தணிக்கவும் அது வாயைத் திறந்துவைத்துக்கொண்டு கிடக்கும்.

எனவே விதி ஒன்று: பார்த்த செயலை மட்டும் எழுதுங்கள். "தலை முன்கால்மேல், 12 நிமிடம் அசையவில்லை." போதும்.

விதி இரண்டு கொஞ்சம் நுணுக்கம். கண்ணைக் கவர்வதை மட்டும் எழுதினால், சண்டையும் பாய்ச்சலும் நோட்டு முழுக்க நிறைந்திருக்கும், தூக்கம் இருக்காது. கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கோளாறை விளக்கி, எப்படி முறையாகப் பதிவு செய்வது என்று வகைப்படுத்தினார். அதிலிருந்து நமக்கு வேண்டிய எளிய வடிவம் இதுதான்: ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுங்கள். கைக்கடிகாரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை பீப் அடிக்க வையுங்கள். பீப் அடித்த அந்த நொடியில் அது என்ன செய்கிறதோ, ஓர் எழுத்து. நான் வைத்திருப்பவை: தூ (தூக்கம்), ந (நடை), நீ (நீச்சல்), தி (தின்பது), சு (உடம்பைச் சுத்தம் செய்வது), வி (சும்மா விழித்திருப்பது). முப்பது நிமிடத்தில் முப்பது எழுத்து.

இதைச் செய்தும் நான் கவிழ்ந்தேன். நீர்நாயை முப்பது நிமிடம் பார்த்தேன். என் தாளில் பன்னிரண்டு எழுத்துகள், அதில் பத்து "நீ". ஆஹா, நீர்நாய் எப்போதும் நீந்திக்கொண்டே இருக்கும் என்று முடிவுகட்டினேன். மீதிப் பதினெட்டு பீப்புக்கு அது வளைக்குள் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நான் ஒன்றும் எழுதவில்லை! வெளியே வந்தபோதெல்லாம் நீந்தியது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆகவே ஏழாவது எழுத்து: ம (மறைவு). இதை முதலில் எழுதிவைத்துக்கொண்டு மற்றவற்றைச் சேருங்கள். பீப் அடித்தால் தாளில் ஏதாவது விழுந்தே ஆகவேண்டும்.

கூட்டத்தில் உங்கள் ஆளை மறுபடி கண்டுபிடிக்க அடையாளம் வேண்டும். கிழிந்த காது, மூக்கில் தழும்பு, வாலில் முடி கொட்டிய இடம். "பெரிய குரங்கு" என்று எழுதினால் இரண்டு நிமிடத்தில் மூன்று பெரிய குரங்குகள் வந்துவிடும்.

படி 6: திரும்பப் போங்கள்

ஒரே அடைப்பு மூன்று மாதத்தில் வேறு அடைப்பு ஆகிவிடும். ஆண் மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும், புதுக்கொம்பு மென்மயிர்த் தோல் போர்த்து வளரும், பிறகு அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரிக்கும். மூன்றையும் பார்க்க மூன்று முறை போகவேண்டும். பூநாரைக் குஞ்சு சாம்பல் நிறம். இளஞ்சிவப்பு நிறம் தீனியில் உள்ள நிறமியிலிருந்து பிறகுதான் ஏறும்.

பூங்காக்களும் தாமாகவே மாற்றுகின்றன. ஜெர்மன் விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1907-ல் ஹாம்பர்க் அருகே கம்பிக்குப் பதில் அகழி வைத்துப் பூங்கா திறந்தது பெரிய மாற்றம். இப்போது ஒரே இடத்தை வெவ்வேறு விலங்குகள் முறைவைத்துப் பயன்படுத்தும் அடைப்புகளும் வந்துவிட்டன. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா பூங்காவில் பார்வையாளர் தலைக்கு மேலே வலைப் பாதைகள் போகின்றன. குரங்குகளும் புலி, சிங்கம் போன்ற பெரும் பூனைகளும் அவற்றின் வழியே உலாவுகின்றன. எனவே அடைப்பின் பெயர்ப்பலகையை முதலில் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் விலங்கை எடுங்கள். தேதியும் பதிவாகும், அடுத்த முறை "இங்கே வேறு ஏதோ இருந்ததே" என்று தலையைச் சொறிய வேண்டாம். பலகை பழையதாக இருக்கவும் வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் பராமரிப்பாளரைக் கேளுங்கள், தீனி போட்டு முடித்தபிறகு. வேலை நடுவே கேட்டால் ஒற்றை வார்த்தைதான் பதில்.

பின்சேர்க்கை 1: சிறுத்தை ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கிறதே, பைத்தியமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே நடையை மாறாமல், நோக்கமின்றித் திரும்பத் திரும்பச் செய்வது நல்ல அறிகுறி இல்லைதான். காட்டில் பரந்த எல்லையில் திரியும் ஊனுண்ணிகளிடம் அடைப்பில் இந்த நடை அதிகம் காணப்படுகிறது என்று 2003-ல் கிளப், மேசன் என்ற ஆய்வாளர்கள் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். ஆனால் தீனி நேரம் நெருங்கும்போது கதவருகே நடப்பதும் உண்டு. ஒருமுறை பார்த்து எதையும் சொல்லாதீர்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று தாள் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் "ந" மட்டுமே நிறைந்திருந்தால் பூங்கா அலுவலகத்தில் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: பூங்காவில் எடுத்த புலிப் படத்தை ஐநேச்சுரலிஸ்டில் (பார்த்த உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவு செய்யும் இணையதளம்) ஏற்றியபோது திட்டு விழுந்ததாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஏற்றலாம், ஆனால் வளர்ப்பில் உள்ளது என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் நகரத்தின் நடுவில் காட்டுப்புலி உலவுவதாகப் பதிவாகும். அடைப்புக்குள் தானாக வந்து மீன் திருடும் கொக்குக்கு இது பொருந்தாது. அது காட்டுப் பறவைதான், தாராளமாகப் போடுங்கள்.

பின்சேர்க்கை 3: குழந்தைகளோடு முப்பது நிமிடம் நடக்காது என்று பலரும் சொல்லிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து நிமிடம், ஐந்து பீப். எழுத்துக்குப் பதிலாகக் குழந்தையே சின்னப் படம் வரையட்டும். "ம"வுக்கு என் அண்ணன் மகள் ஒரு கறுப்பு ஓட்டை வரைகிறாள். அவள் தாளில் பாதிக்குமேல் கறுப்பு ஓட்டைகள்தான்.