மோப்ப வரைபடம்: விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மல்லிகைக்கு மூளையில் ஓர் இடம், மீன் குழம்புக்கு இன்னோர் இடம் என்று மோப்ப வரைபடத்தை, அதாவது மூக்கின் நரம்பிழைகள் மூளையில் எங்கெங்கே போய்ச் சேர்கின்றன என்ற ஒழுங்கை, விளக்குகிறவர்கள் பலர். முதலில் கைவிட வேண்டிய எண்ணம் இதுதான். வரைபடத்தில் இடம் பிடித்திருப்பவை மணங்கள் அல்ல, மண மூலக்கூறுகளை உணரும் புரதங்களான ஏற்பிகள். ஆய்வாளர்கள் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் கண்டறிந்து வெளியிட்ட மோப்ப ஏற்பி மரபணுக்கள் சுண்டெலியில் ஏறத்தாழ 1,000 உண்டு. ஒவ்வொரு மோப்ப நரம்பணுவும் அவற்றில் ஒன்றை மட்டுமே பயன்படுத்துகிறது. ஒரே ஏற்பியைக் கொண்ட நரம்பணுக்கள் மூக்கில் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் மூளையின் முன்புறத்தில் உள்ள மோப்பக் குமிழில் ஒன்றுகூடி, குளோமெருலஸ் என்னும் நுண்ணிய உருண்டையில் முடிகின்றன. மல்லிகை மணம் பட்டால் இப்படிப்பட்ட பல உருண்டைகள் சேர்ந்தே விழித்துக்கொள்கின்றன.

அடுத்த தவறு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. இந்தத் துறையின் அழகையே அது மறைத்துவிடுகிறது. குமிழில் முகவரிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன, இழைகள் கடிதம்போல அங்கே போய்ச் சேர்கின்றன என்பார்கள். நடப்பது வேறு. சுண்டெலியில் குமிழின் மேற்புறத்துக்கு உரிய இழைகள் முன்னதாகவே வந்துவிடுகின்றன. வந்தவை செமாஃபோரின் 3எஃப் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பிந்தி வரும் இழைகளின் முனையில் அதை உணரும் நியூரோபிலின் 2 என்ற உணரி இருக்கிறது. புரதம் பட்டதும் அவை விலகிக் கீழ்ப்புறம் போகின்றன. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, முந்தி வந்தவையே பிந்தி வருபவற்றின் இடத்தையும் முடிவு செய்கின்றன.

இழைகள் குமிழின் முன்பகுதி, பின்பகுதி எனப் பிரியும் வரிசையோ குமிழைத் தொடுமுன்பே உருவாகத் தொடங்குகிறது. நரம்புக் கட்டுக்குள் முன்சொன்னவற்றின் உறவுப் புரதங்களில் நியூரோபிலின் 1 மிகுந்த இழைகள் ஓரத்திலும், செமாஃபோரின் 3ஏ மிகுந்தவை நடுவிலுமாகப் பிரிந்துகொள்வதை ஜப்பானில் ஹிதோஷி சகானோவின் குழு காட்டியது. மோப்பக் குமிழே உருவாகாத மரபணுத் திரிபுச் சுண்டெலிகளிலும் ஒரே ஏற்பியுடைய இழைகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துவிடுகின்றன! ஆகவே இழைகளுக்கு இடையே நடக்கும் பேரத்தைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்காதீர்கள்.

ஏற்பியை மாற்றினால் இழை சேரும் இடமும் மாறுகிறது. இதைக் கேட்டதும், மணம்தான் இழையை இழுக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மணம் எதுவும் படாதபோதும் ஏற்பி தானாகச் சிறிதளவு இயங்கிக்கொண்டே இருக்கும். அந்த அடிப்படை இயக்கத்தால் நரம்பணுவுக்குள் உருவாகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி கடத்தும் மூலக்கூறின் அளவே நியூரோபிலின் 1 கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அது கூடினால் இழை குமிழின் பின்பகுதிக்குப் போகும், குறைந்தால் முன்பகுதிக்கு.

மூலக்கூறுகளுக்கு ‘ஈர்ப்பது’, ‘விரட்டுவது’ என்று நிரந்தர முத்திரை குத்துவதையும் விடுங்கள். நெட்ரின் என்ற வழிகாட்டும் புரதம் ஓர் இழையை ஈர்க்கும், இன்னொன்றை விரட்டும். அதை எதிர்கொள்ளும் இழை முனையில் நெட்ரினை உணரும் எந்த ஏற்பி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

கடைசியாக, எந்த உயிரி என்று சொல்லாமல் விடுவது. பழ ஈயில் மோப்ப ஏற்பியை நீக்கினாலும் இழை வழக்கமான இடத்துக்கே போகிறது. சுண்டெலியில் ஓர் ஏற்பிக்குக் குமிழ் ஒன்றில் பெரும்பாலும் இரண்டு உருண்டைகள். மனிதரிடம் இயங்கும் ஏற்பி மரபணுக்கள் சுமார் 400தான். உருண்டைகளோ ஆயிரக்கணக்கில், ஆளுக்கு ஆள் எண்ணிக்கை வேறுபடும். சுண்டெலியின் கணக்கு நமக்குப் பொருந்தாது.