விரல் நுனி உயிர்களை கடலுக்குள் படம் பிடிப்பது எப்படி?

மொரீஷியஸில் கேமராவோடு கடலில் இறங்கினால் ஆமையைப் பார்த்தாயா, டால்பினைப் பார்த்தாயா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு விரல் நகத்துக்குள் அடங்கும் உயிர்கள்தான் பிடிக்கும். அதற்கு ஆழத்துக்குப் போக வேண்டாம். இடுப்பளவு தண்ணீரும் ஸ்நார்க்கலும் (முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சுவிட உதவும் குழாய்) போதும்.

முதலில் நாளும் இடமும். தைப்பூசத்தை ஒட்டிய மாதங்கள் இங்கே மழையும் புயலும் வரும் காலம். பலத்த மழைக்கு மறுநாள் போகாதீர்கள், ஆற்றுச் சேறு கலந்து நீர் கலங்கியிருக்கும். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2008-இல் சேர்ந்த, தென்கிழக்குக் கரையில் உள்ள புளூ பே அருமையான இடம். தென்கிழக்குக் காற்று வீசும் நாள் என்றால் மேற்குக் கரையில் பிளிக்-அன்-பிளாக் பக்கம் போய்விடுங்கள்.

கேமரா? ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சின்னது தொடக்கத்துக்குப் போதும். உறையில்லாமலே 15 மீட்டர் ஆழம் தாங்கும்; மைக்ரோஸ்கோப் மோடில் 1 செ.மீ. வரை நெருங்கிப் போகஸ் செய்யலாம். பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும். என் முதல் கேமரா அப்படித்தான் போனது.

இப்போது முக்கியமான விஷயம்: தூரத்தில் நின்று ஜூம் செய்யாதீர்கள், நெருங்குங்கள். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்கும். நடுவில் தண்ணீர் கூடக் கூடப் படம் நீலம் பூத்து மங்கும். பிளாஷ் போட்டாலோ மிதக்கும் துகள்கள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும். நெருங்கினால் இரண்டு தொல்லையும் குறையும். ஆனால் மிக நெருங்கினால் லென்ஸின் நிழலே உயிரின் மேல் விழும். அப்போது பிளாஷை அணைத்துவிட்டு, நீருக்குள் எரியும் சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள்.

பழகுவதற்குக் கிறிஸ்துமஸ் மரப் புழு நல்லது. பவளத்துக்குள் குழாயில் குடியிருந்து, இரண்டு வண்ணச் சுருள்களை மட்டும் வெளியே விரித்து வைத்திருக்கும். உங்கள் நிழல் பட்டால் போதும், சட்டென்று உள்ளே போய்விடும். சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும்படி, நிழல் பின்னால் விழ, மெல்ல வாருங்கள். உள்ளே போய்விட்டால் அசையாமல் மிதந்து காத்திருங்கள், திரும்ப வரும். அப்புறம் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்திப் போகஸ் மாறாமல் பிடித்துக்கொண்டு, கேமராவை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து எடுங்கள். ஒன்றாவது தேறும். இறால், நண்டு என்றால் கண்ணில் போகஸ் வையுங்கள்.

காலில் தடித்த அடியுள்ள ரப்பர் ஷூ கட்டாயம். கிரியோலில் 'லாஃப்' என்று சொல்லும் கல்மீனை மிதித்தால் நேரே மருத்துவமனைதான். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள், விஷ முள் உண்டு. நிலை தடுமாறினாலும் பவளத்தைப் பிடிக்காதீர்கள். அது உயிருள்ளது, உடைந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறக்காமல் கேமராவை நல்ல தண்ணீர் வாளியில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு கார்டை எடுத்தால் போதும்.