வேலைப்பாட்டு மண்பாண்டம்: புழங்குவதற்கு வாங்குவது எப்படி?

அலமாரிக்கா, அடுப்புக்கா என்பதைக் கடைக்குள் கால் வைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். கோலாலம்பூர் செந்தூலில் என் அடுக்குமாடி வீட்டில் நான் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் அடுப்புக்கும் குடிதண்ணீருக்கும்தான். அதனால் கோடும் பூவும் ஈர மண்ணிலேயே கீறியிருந்தால் மட்டுமே வாங்குவேன். பொங்கல் சமயத்தில் பிரிக்பீல்ட்ஸில் விற்கும் வண்ணப் பானைகள் பண்டிகைக்குச் சரி. தினமும் குழம்பு வைத்தால் வண்ணம் கருகி உரிந்துவிடும். உள்ளே பளபளவென்று பூச்சுள்ள மலிவுச் சட்டி அறவே வேண்டாம். பூச்சில் ஈயம் இருந்தால் புளி சேரும்போது குழம்பில் இறங்கும்.

கீறல் வேலைக்கு என் மனம் எப்போதும் போவது லாபு சாயோங் பக்கம்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலகங்சார் அருகே சாயோங்கில் செய்யும் சுரைக்காய் வடிவக் கூஜா இது. சுட்ட சூட்டோடு உமியில் புதைப்பதால்தான் அந்தக் கறுப்பு. கோலாலம்பூரில் பசார் செனியிலும் ஜாலான் கொன்லே கைவினை வளாகத்திலும் தேடிப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் கழுத்துக்குள் விரல் விட்டுத் தடவுங்கள். கையால் செய்ததில் ஓரிடம் தடிப்பாக, ஓரிடம் மெலிதாக இருக்கும், விரல் பதிந்த பள்ளமும் தட்டுப்படும். அச்சில் வார்த்தது ஒரே சீராக இருக்கும். வெளியே மேலிருந்து கீழாகத் தையல்போல் ஒரு கோடு ஓடும். தேய்த்து மறைத்திருந்தாலும் வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிந்துவிடும். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் வார்னிஷ் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஈரம் கசிந்து ஆவியானால்தானே தண்ணீர் குளிரும்? நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஃபிரிட்ஜ் சில்லிப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அந்த மண் வாசனைக்காகவே நான் அதில்தான் குடிக்கிறேன்.

சட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டங்’கென்றால் நன்றாக வெந்தது. ‘டொக்’கென்றால் விரிசல் இருக்கலாம், வைத்துவிடுங்கள்.

புதுச் சட்டியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். அப்புறம் சோறு வடித்த கஞ்சியை ஊற்றி, சிறு தீயில் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிடுங்கள். கஞ்சிப் பசை நுண்துளைகளில் படிந்து கசிவை அடைக்கும். இரண்டு மூன்று தடவை செய்தால் நல்லது. கேஸ் அடுப்புதான் தோது, வெறும் இண்டக்‌ஷனில் மண்சட்டி சூடேறாது. சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ‘பட்’டென்று விரிசல் விட்டுவிடும்.

மண் வாடையை விடாது. ஆகவே மீனுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சோப்பு போட்டால் அதையும் உறிஞ்சிக்கொள்ளும். உப்பும் தேங்காய் நாருமே போதும், கீறல்களுக்குள் பழைய பல்துலக்கி. கழுவியதும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மூடி போடாமல் அடுக்குங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தேய்த்துக் கழுவி மறுபடியும் காயவையுங்கள்.