சென்னைக்குப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

ஊருக்குப் போனதும் நம்மில் பலரை உறுத்துவது கேள்விகள்தான். "என்ன சம்பளம்?", "ஏன் இப்படி இளைச்சிட்டே?" டொராண்டோவில் பக்கத்து வீட்டுக்காரர் இப்படிக் கேட்டால் முகம் சுளிப்போம். மாம்பலத்தில் மாமா கேட்பது வேறு. நாலு வருஷமாக நம்மைக் கண்ணால் பார்க்காதவர், நாம் நல்லபடி இருக்கிறோமா என்று இப்படித்தான் தெரிந்துகொள்கிறார். தொகையைச் சொல்ல வேண்டாம். "கையைக் கடிக்காம போகுது மாமா" என்றால் நிம்மதியாகிவிடுவார்.

அவர்கள் கேட்பதுபோல நாமும் அவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது 2019 ஜூனில். பயணக் களைப்பில், சித்தி வீட்டு ஷவரைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் குளித்தேன். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலை தூக்கம் வராமல் பால்கனிக்கு வந்தேன். கீழே தெருமுனையில், முட்டிவலியோடு, இரண்டு பிளாஸ்டிக் குடங்களை வைத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருந்தார் சித்தி. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நாலு ஏரியும் ஏறக்குறைய வறண்டுபோன கோடை அது. வந்த பிள்ளையிடம் தண்ணீருக்குக் கணக்குச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இப்போதெல்லாம் யார் வீட்டிலும் பெட்டியை வைத்ததும், "தண்ணி எப்போ வரும், மோட்டார் எப்போ போடுவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லி மல்லுக்கு நிற்கும் முன் ஒன்றை யோசியுங்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு கட்டணம் வைத்தது 2013-இல். அதற்குப்பின் பத்து வருஷம் ஓடியும் அது ஏறவில்லை. பெட்ரோல் 2021-லேயே 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. அநியாயமாகக் கேட்பவர்களும் உண்டு, அடுத்த வண்டியைப் பாருங்கள். எதுவானாலும் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

"நாளைக்கு மகாபலிபுரம் போகலாமா அத்தான்?" என்று கேட்டு, "பார்க்கலாம்" என்று பதில் வந்தால், பெரும்பாலும் அது முடியாது என்பதுதான். நச்சரிக்காதீர்கள். லீவு கிடைக்காமல் இருக்கலாம், பையனுக்குப் பரீட்சை இருக்கலாம், கார் வாடகையில் பங்கு கொடுக்க வேண்டுமே என்ற யோசனையாகவும் இருக்கலாம். வண்டிச் செலவு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எந்த நாள் தோதுப்படும் என்று அவரையே சொல்லவிடுங்கள்.