பைக் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடமாக பைக் ஓட்டுபவருக்கு முன் பிரேக்கை எப்படிப் பிடிக்கிறோம் என்பதே மறந்துபோயிருக்கும். விரல் தானாகச் செய்துவிடுகிறது. கற்க வருபவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அட்வான்ஸ்டு ரைடிங் சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறப்பதால் வருபவைதான்.

முதல் தவறு, எடுத்த எடுப்பில் மலைக்கு அழைத்துப் போவது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போய் பிரேக் பழகக் கூடாது. மணல், ஜல்லி இல்லாத காலியான தார்த்தரையில் அதை முன்பே பழகிவிட வேண்டும். 30 கி.மீ. வேகத்தில் தொடங்கி 40, பிறகு 50. முன் பிரேக் லெவரை வெடுக்கென்று இழுத்தால், எடை முன் சக்கரத்துக்கு வந்து இறங்கும் முன்பே டயர் லாக் ஆகி, சுழலாமல் வழுக்கிவிடும். மெல்லப் பிடித்து, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்கள்) அமுங்க ஆரம்பித்த பிறகு அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் பக்கவாட்டில் நின்று ஃபோர்க்கை மட்டும் கவனித்தால் போதும்: குபீரென்று இறங்கினால் லெவரை வெடுக்கென்று இழுத்திருக்கிறார், சீராக இறங்கினால் சரியாகப் பிடித்திருக்கிறார்.

"ஏபிஎஸ் இருக்குல்ல, பயப்படாம பிடிங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் ஆபத்து. ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு. அதில் சிங்கிள் சேனல் வகை முன் சக்கரத்துக்கு மட்டும்தான்; பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லெவர் படபடவென்று துடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பயந்துபோய் பிரேக்கையே விட்டுவிடுவார்கள். வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்று வாயால் சொல்வதைவிட, 25-லும் 50-லும் வண்டி நின்ற இடங்களில் இடத்துக்கொரு கோன் வைத்துக் காட்டுவது மேல்.

வளைவில் "சாய்ங்க, சாய்ங்க" என்று கத்துவதால் ஒரு பயனும் இல்லை. ஹேண்டிலை அழுத்துவதால்தான் வண்டி சாய்கிறது. இடது பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். காகிதத்தில் படம் போட்டு விளக்கினால் குழப்பம்தான் மிஞ்சும். நேரான தரையில் 40-ல் போகும்போது ஒருமுறை லேசாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, ரேஸ் டிராக்கில் எடுக்கும் லைனை, அதாவது ரோட்டின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவில் திரும்பும் வழியை, மலைப்பாதையில் சொல்லிக்கொடுப்பது. டிராக்கில் எதிரே பஸ் வராது. வலது வளைவில் நடுக்கோட்டை உரசிக்கொண்டு சாய்ந்தால், டயர் நம் பக்கம் இருக்கும். தலை எதிர்ப்பக்கம் இருக்கும். கொண்டை ஊசியில் பஸ் ரோடு முழுவதையும் எடுத்துத்தான் திரும்பும், அதற்கு வேறு வழியும் இல்லை. இடது வளைவில் நடப்பது வேறு: அவசரப்பட்டு உள்ளே வெட்டினால், வெளியேறும்போது வண்டி நடுக்கோட்டைத் தாண்டிவிடும். நம் பாதைக்குள்ளேயே வெளிப்பக்கமாகப் போய், வளைவின் மறுமுனை கண்ணில் பட்ட பிறகு உள்ளே திரும்புவதுதான் பாதுகாப்பு.

சொல்லிக்கொடுப்பவரே எப்போதும் முன்னால் போகக் கூடாது. கற்பவர் வளைவைப் பார்க்காமல் உங்கள் டெயில் லைட்டைப் பார்த்தே ஓட்டுவார், உங்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்கவும் முயல்வார். சில வளைவுகளுக்குப் பிறகு அவரை முன்னால் விட்டு, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பின்னாலிருந்து பாருங்கள். குழுவாகப் போனால், அனுபவம் குறைந்தவரைக் கடைசியில் விடாமல் இரண்டாவதாக வையுங்கள். இன்டர்காம் இருந்தால், வளைவுக்குள் இருக்கும்போது வாயே திறக்க வேண்டாம்.

இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். இரண்டாம் கியரில் விட்டால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். பின் பிரேக்கை வழியெல்லாம் மிதித்தபடியே வந்தால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்போது ஓரங்கட்டி, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டில் தண்ணீரை ஊற்றினால் சூடான டிஸ்க் கோணிக்கொள்ளக்கூடும்.