எலக்ட்ரிக் பிரஷ்ஷா, சாதா பிரஷ்ஷா? பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பல் விளக்கப் பிள்ளை அடம்பிடிக்கிறது என்றதும் ஒரு எலக்ட்ரிக் பிரஷ்ஷை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, நம் வேலை முடிந்தது என்று ஒதுங்கிக்கொள்கிறோம். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். ஏழெட்டு வயது வரை கடைவாய்க்குள் பிரஷ்ஷைத் திருப்பும் பக்குவம் கைக்கு வராது. முன்பல் நாலைத் தேய்த்துவிட்டு 'ஆச்சும்மா' என்று வந்து நிற்கும். மோட்டார் ஓடினாலும் பிரஷ் படாத பல்லில் அழுக்கு அப்படியேதான் இருக்கும். எந்த பிரஷ்ஷானாலும் ராத்திரி ஒரு தடவையாவது பெரியவர்கள் பிடித்துத் தேய்த்துவிட வேண்டும்.

அதிலும் ஆறு வயதை ஒட்டி உஷாராக இருக்க வேண்டும். பால்பல் எதுவும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பாதி முளைத்த நிலையில் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால், நேராகத் தேய்த்தால் பிரஷ் அதன் மேல் படாமலே போய்விடும். கன்னத்துப் பக்கமிருந்து குறுக்காக விட்டுத் தேய்க்க வேண்டும். சாயங்காலம் தட்டுவடை செட், வீட்டில் ஜவ்வரிசி வடாம் என்று சாப்பிடுகிற சேலத்துப் பிள்ளைகளுக்கு மாவு போய் அப்புவதும் அந்தப் பள்ளத்தில்தான்.

எலக்ட்ரிக் பிரஷ்ஷை சாதா பிரஷ் மாதிரி இழுத்து இழுத்துத் தேய்ப்பது அடுத்தது. ஒவ்வொரு பல்லிலும், ஈறு ஓரத்தில் லேசாக வைத்து இரண்டு மூன்று விநாடி நிறுத்தி நகர்த்தினால் போதும். அழுத்தினால் ஈறுதான் புண்ணாகும். வாய்க்குள் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள், இல்லையென்றால் பேஸ்ட் சட்டையெல்லாம் தெறிக்கும்.

அப்படியானால் எலக்ட்ரிக் வீண் செலவா? இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியபோது சாதா பிரஷ்ஷைவிடப் பல்லழுக்கு 21 சதவீதம் குறைந்தது. பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளைகளுக்கும், கை ஒத்துழைக்காத பிள்ளைகளுக்கும் நான் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். சின்னத் தலையும் மெத்தென்ற நாரும் உள்ள சாதா பிரஷ்ஷே சரி.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தவறு உண்டு. சேலம், தருமபுரி மாவட்டங்களில் சில ஊர்களின் போர்வெல் தண்ணீரில் புளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரையே குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ வரும். அதைப் போக்க வேகமான பிரஷ் வாங்குவதில் பலனில்லை. கறை, பல்லின் மேல்பூச்சான எனாமலுக்குள் இருக்கிறது. பல் டாக்டரிடம் காட்டுங்கள், குடிதண்ணீரைப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வேறு தண்ணீருக்கு மாற வேண்டியதுதான். பயந்துபோய் புளோரைடு பேஸ்ட்டை அவர்களாகவே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அளவுதான் முக்கியம்: மூன்று வயது வரை ஓர் அரிசி, ஆறு வரை ஒரு பட்டாணி. விழுங்காமல் துப்பச் சொல்லிக்கொடுங்கள்.

வாங்குமுன் மாற்றுத் தலை கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பொம்மை படம் போட்ட மலிவு பிரஷ்கள் பலவற்றுக்குத் தலை தனியாக வருவதே இல்லை. மூன்று மாதத்தில் நார் விரிந்துவிடும். விரிந்த நாரோடு ஓடும் எலக்ட்ரிக்கைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிற சாதா பிரஷ்ஷே மேல்.