சன்னல் கம்பியில் பழகிய பின்னல்

ஆறாம் வகுப்பில் ஹாஸ்டலுக்குப் போகும்வரை என் தலையை நானே பின்னியது கிடையாது. அம்மா பின்னுவாள், நான் உட்கார்ந்து இட்லி தின்பேன். திருநெல்வேலிப் பக்கம் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை ப்ரேயரில் நிற்கும்போதே ஒரு பக்கத்து ரிப்பன் கழன்று காலடியில் விழுந்தது. அன்று சாயங்காலம் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தி பழைய தாவணியை மூன்று பட்டையாகக் கிழித்து, சன்னல் கம்பியில் முடிந்து, "பின்னுட்டி" என்றாள்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். முதலில் தலைக்குப் போகாதீர்கள். மூன்று நிறத்தில் மூன்று துணிப்பட்டை, ஒவ்வொன்றும் இரண்டு முழம். பின்னலில் ஒவ்வொரு பட்டைக்கும் 'கால்' என்று பெயர். வலது ஓரத்துக் காலை நடுக்காலுக்கு மேலே போடுங்கள். இப்போது அதுதான் நடு. அடுத்து இடது ஓரத்துக் கால் மேலே வந்து நடுவாகும். இது மாறி மாறி, அவ்வளவுதான். நிறம் வேறுவேறாக இருந்தால் ஒரே பக்கத்தை இரண்டு தடவை போட்ட இடம் பளிச்சென்று தெரியும். இன்னொன்றும் தெரியும்: மேலே பின்னப் பின்ன, கீழே தொங்கும் நுனிகள் தலைகீழாகத் தாமே பின்னிக்கொள்ளும். முடியிலும் இதே கதைதான். நாலைந்து பின்னலுக்கு ஒருமுறை கால்களுக்கு நடுவே விரலை விட்டு நுனிவரை பிரித்துவிடுங்கள்.

இனி தலை. குளித்த ஈரத்தில் பின்னாதீர்கள், ஈரமுடி இழுத்தால் அறும். அன்றைக்கே ஷாம்பு போட்ட முடி வழுக்கிக்கொண்டு ஓடும்; மறுநாள் முடிதான் பழகுவதற்குத் தோது. உள்ளங்கையில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தடவினால் பறக்கிற முடியும் படியும். அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறிச் சிக்கெடுங்கள். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் கீழே ஒரே முடிச்சாகத் திரளும்.

ரெட்டை ஜடைக்கு மூக்குக்கு நேரே வகிடு எடுத்து, பிடரிவரை கொண்டுபோய், ஒரு பாதியை கிளிப் போட்டு ஒதுக்குங்கள். மறுபாதியை மூன்றாகப் பிரிக்கும்போது கண்ணை நம்பாதீர்கள்; ஒவ்வொரு காலையும் விரலால் உருட்டிப் பாருங்கள். ஒன்று மெலிந்திருந்தால் பின்னல் சீராக வராது. கை தலையை ஒட்டியே இருக்கட்டும். காலை மாற்றியதும் கீழ்நோக்கி இழுக்காமல் இரு பக்கமும் விரித்து இழுங்கள். இறுக்கம் அதில்தான் வருகிறது. புருவம் மேலே ஏறினாலோ காதோரம் வலித்தாலோ அவிழ்த்துவிடுங்கள். தினமும் அப்படி இறுக்கினால் நெற்றியோர முடி நாளடைவில் கொட்டிப்போகும்.

ரிப்பன் கழன்று விழாமலிருக்க அக்கா சொன்ன வழி: கடைசியில் கட்டாதே, ஒரு சாண் முடி மிச்சமிருக்கும்போதே சேர். ரிப்பனை நடுவில் மடித்து நடுக்காலின் அடியில் கொடுத்தால் இரண்டு முனையும் இரண்டு ஓரத்துக் கால்களோடு சேர்ந்துவிடும். அதோடு நுனிவரை பின்னி, சுற்றி முடிச்சுப் போட்டு, ஜடையை மேலே மடித்து, காதுக்குப் பின்னால் அடிஜடையைச் சுற்றிப் பூப்போலக் கட்ட வேண்டியதுதான். அதன் பிறகு எந்த ப்ரேயரிலும் நான் குனிந்து ரிப்பன் தேடவில்லை.

தனக்குத் தானே பின்னுவது வேறு வித்தை. கண்ணாடி முன்னால் நின்று கை குழம்பிப்போய் நான் அழுதிருக்கிறேன். "ஏட்டி, கண்ணாடிய எதுக்கு பாக்க? கண்ண மூடு, விரலு சொல்லும்லா" என்றாள் அக்கா. பிடரியில் நாலு பின்னல் கண்ணை மூடிக்கொண்டு போட்டபின் ஜடையைத் தோள்வழியே முன்னால் எடுத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கை கடுக்கும். முழங்கையை நாற்காலி முதுகில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

மூன்று கால் கைக்கு வந்தபின் நாலு கால் பின்னல், மறுபடியும் சன்னலில்தான். இடது ஓரத்துக் கால் அடுத்த காலுக்கு மேலே, வலது ஓரத்துக் கால் அடுத்த காலுக்குக் கீழே, பிறகு நடுவில் நிற்கும் இரண்டில் வலது இடதுக்கு மேலே. இதையே திரும்பத் திரும்ப. மீன்முள் பின்னல் கேட்டு என் மகள் நச்சரிக்கிறாள். அவள் பட்டைகள் இன்னும் சமையலறைக் கம்பியில் தொங்குகின்றன, நுனியெல்லாம் சிக்கோடு.